ஓய்வுபெற்ற விண்கலத்துக்கு எந்த அருங்காட்சியகம்? தேர்வு செய்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2011 ஏப்ரல் 12 அன்று, முதல் விண்ணோடம் (ஸ்பேஸ் ஷட்டில்) பறந்து சரியாக 30 ஆண்டுகள் நிறைந்தபோது, ஃபுளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்தில் நாசா தலைவர் சார்லஸ் போல்டன் நான்கு விண்ணோடங்களுக்கும் ஓய்வுக்கால முகவரிகளை அறிவித்தார். டிஸ்கவரி, தலைநகர் வாஷிங்டனை ஒட்டி வர்ஜீனியாவில் இருக்கும் ஸ்மித்சோனியன் தேசிய அருங்காட்சியக நிறுவனத்தின் உட்வார்-ஹேஸி மையத்துக்குப் போகும். எண்டெவர் லாஸ் ஏஞ்சலிஸின் கலிஃபோர்னியா அறிவியல் மையத்துக்கு. அட்லாண்டிஸ் கென்னடி மையத்தின் பார்வையாளர் வளாகத்திலேயே தங்கிவிடும். விண்வெளிக்குப் போகாத சோதனைக் கலமான என்டர்பிரைஸ், நியூயார்க்கில் இன்ட்ரெபிட் என்ற பழைய விமானந்தாங்கிக் கப்பலில் இயங்கும் அருங்காட்சியகத்துக்கு.

இருபதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் கேட்டிருந்தன. கிடைக்காத ஊர்களில் டெக்சாஸின் ஹூஸ்டனும் ஓஹாயோவின் டேட்டனும் அன்றே கொதித்தெழுந்தன. 14 ஆண்டுகள் கழித்து, 2025-இல், டெக்சாஸின் செனட்டர்கள் ஒரு கலத்தை ஹூஸ்டனுக்குக் கொண்டுவரச் சட்டத்தின் வழியாகவே பணம் ஒதுக்க வைத்தார்கள். அவர்கள் குறிவைத்தது டிஸ்கவரியை.

ஓய்வுபெற்ற விண்கலங்களைப் பங்கிட்ட வேறெந்த நிகழ்வுக்கும் இவ்வளவு ஆவணங்கள் இல்லை. ஆகவே இந்த வழிகாட்டியை அதை வைத்தே எழுதுகிறேன். தேர்வுக் குழுவில் உட்காருபவருக்கும், குழுவின் முடிவை வெளியிலிருந்து எடைபோட விரும்புபவருக்கும் இது பயன்படும். இதில் எனக்கு ஒரு திடமான கருத்து இருக்கிறது. பெரிய விண்கலம் ஒன்றை ஓரிடத்தில் வைத்துவிட்டால் அதை இரண்டாம் முறை நகர்த்தவே முடியாது என்று எண்ணித்தான் முடிவெடுக்க வேண்டும். அப்படி எண்ணினால் கேள்விகளின் வரிசை தானாக மாறும். யார் அதை நூறு ஆண்டுகள் காப்பாற்றுவார்கள் என்பது முதலில் வரும். எத்தனை பேர் வந்து பார்ப்பார்கள் என்பது அதற்குப் பிறகுதான்.

படி 1: கையில் இருப்பது என்னவென்று எழுதுங்கள்

“நான்கு விண்ணோடங்கள் இருக்கின்றன, நான்கு இடங்கள் வேண்டும்” என்று தொடங்குவது தவறான தொடக்கம். நான்கும் ஒன்றல்ல.

டிஸ்கவரி 39 முறை பறந்து, மொத்தம் 365 நாட்களை விண்வெளியில் கழித்தது. 1990-இல் ஹபிள் தொலைநோக்கியைச் சுமந்து சென்றது அதுதான். அந்தப் பயணத்தில் விமானி இருக்கையில் இருந்தவர், பின்னாளில் அதன் முகவரியை அறிவித்த அதே போல்டன். 1986-இல் சேலஞ்சர் விண்ணோடமும் 2003-இல் கொலம்பியா விண்ணோடமும் வீரர்களோடு அழிந்த பிறகு, இரண்டு முறையும் மறுபடி முதலில் பறக்கத் துணிந்ததும் டிஸ்கவரியே. திட்டத்தின் முழு வரலாற்றையும் ஒரே உடலில் தாங்கி நிற்கும் கலம் என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். நாட்டின் தேசியச் சேகரிப்புக்கு அது போனதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

எண்டெவர், சேலஞ்சருக்கு மாற்றாகக் கட்டப்பட்டது; 25 பயணங்கள். அதை ஒன்றுசேர்த்த பாம்டேல் ஊர் கலிஃபோர்னியாவில் இருக்கிறது. அட்லாண்டிஸ் 33 முறை பறந்து, 2011 ஜூலையில் திட்டத்தின் கடைசிப் பயணத்தை முடித்தது. என்டர்பிரைஸ் 1977-இல் ஒரு ஜம்போ விமானத்தின் முதுகிலிருந்து விடுவிக்கப்பட்டு, கலிஃபோர்னியப் பாலைவனத்தில் மிதந்து இறங்கிப் பழகிய கலம். 1985 முதல் ஸ்மித்சோனியனிடம் இருந்தது. டிஸ்கவரி வந்ததால்தான் அது இடம் மாறியது.

ஒவ்வொரு கலத்துக்கும் இப்படி ஒரு பக்கம் எழுதி முடித்தால், எந்த ஊருக்கு எந்தக் கலத்தோடு உறவு என்பது தெளியும். அந்தப் பக்கத்தில் இன்னொரு பட்டியலும் வேண்டும்: கலத்திலிருந்து இதுவரை எதைக் கழற்றியிருக்கிறார்கள், அது இப்போது எங்கே இருக்கிறது?

இந்தப் பட்டியல் இல்லாமல் போனதற்கு அப்போலோ 13 கொடுத்த விலை பெரிது. 1970-இல் நிலவுக்குப் போகும் வழியில் பழுதாகி, உயிர் தப்பி வந்த மூவரைச் சுமந்த அந்தக் கூண்டின் உட்பாகங்களை விசாரணைக்காகக் கழற்றினார்கள். பிறகு வெறும் ஓடு பாரிஸுக்கு அருகே லெ பூர்ஜே விமான அருங்காட்சியகத்துக்குப் போனது. உட்பாகங்களோ கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் ஓர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. கான்சாஸ் மாநிலத்தில் ஹட்சின்சன் என்ற சிற்றூரின் காஸ்மோஸ்பியர் அருங்காட்சியகம் பல ஆண்டுகள் உழைத்து, சிதறியதையெல்லாம் தேடிச் சேர்த்து, 1990-களில் மறுபடி ஒரே கூண்டாக்கியது. இன்று அது அங்கேதான் இருக்கிறது. பெருநகரம் எதுவும் செய்ய நினைக்காததைச் சிறிய ஊர் ஒன்று செய்தது என்பதைத் தேர்வுக் குழுக்கள் நினைவில் வைக்க வேண்டும்.

படி 2: நஞ்சை அகற்றும் வேலைக்கு நாள் குறியுங்கள்

பறந்து வந்த விண்ணோடத்தை அப்படியே மக்கள் முன் நிறுத்த முடியாது. அதைத் திசை திருப்பும் சிறு இயந்திரங்கள் மோனோமெத்தில் ஹைட்ரசினையும் நைட்ரஜன் டெட்ராக்சைடையும் எரித்தவை. இரண்டும் மூச்சில் பட்டாலே கொல்லக்கூடியவை. அவற்றின் தொட்டிகளும் குழாய்களும் இருந்த பகுதிகளைக் கழற்றி, நியூ மெக்சிகோவின் வொயிட் சாண்ட்ஸ் சோதனைத் தளத்துக்கு அனுப்பிச் சுத்தம் செய்தார்கள். வெடிமருந்து வைத்த பாகங்கள், அம்மோனியா ஆகியவற்றையும் அகற்ற வேண்டியிருந்தது.

ஒப்படைக்கும் நாளையும் விலையையும் பெருமளவு தீர்மானிப்பது இந்த வேலைதான். பொறியாளர்கள் தேதி சொல்லாமல், அருங்காட்சியகங்களுக்கு நீங்கள் தேதி சொல்லாதீர்கள்.

எதை விட்டுவைப்பது என்பதும் இங்கேயே முடிவாகிறது. மூன்று கலங்களின் முதன்மை இயந்திரங்களையும் நாசா எடுத்துக்கொண்டது. அருங்காட்சியகங்களில் வால்பக்கம் நாம் பார்ப்பவை மாதிரிகள். உண்மை இயந்திரங்கள் அடுத்த ராக்கெட்டுக்காகச் சேமிக்கப்பட்டன. விண்ணோடங்களில் பறந்த நான்கு இயந்திரங்கள் 2022 நவம்பரில், நாசாவின் புதிய நிலவுத் திட்டத்தின் முதல் ஏவலான ஆர்ட்டெமிஸ் 1-இல் எரிந்து கடலோடு போயின. அந்த முடிவு சரியா என்று வாதிடலாம். ஆனால் காட்சிப் பலகையில் “இவை மாதிரிகள்” என்று எழுதுவதில் வாதத்துக்கு இடமே இல்லை.

படி 3: விண்ணப்பம் கேட்கும் முன்பே அளவுகோலை வெளியிடுங்கள்

நாசா 2008 டிசம்பரில் முதல் முறையாகவும் 2010 ஜனவரியில் மறுபடியும், ஆர்வமுள்ள கல்வி நிறுவனங்களையும் அருங்காட்சியகங்களையும் தகவல் அனுப்பச் சொன்னது. கூரையுள்ள, தட்பவெப்பம் கட்டுப்படுத்திய கட்டடம் வேண்டும் என்றது. செலவையும் சொன்னது. அதுவரை நல்லது.

2010 அக்டோபரில் வந்த நாசா அங்கீகாரச் சட்டம், கலங்கள் எங்கே போக வேண்டும் என்பதற்குத் தன் அளவுகோலைச் சேர்த்தது. பொதுமக்களுக்கு அதிகப் பயன் தரும் இடமாக இருக்க வேண்டும். அறிவியல், தொழில்நுட்பக் கல்வியை வளர்க்க வேண்டும். ஏவுதல், பறப்பை இயக்குதல், கலத்தைப் பராமரித்தல், விண்கலங்களைக் கடலிலிருந்து மீட்டல் ஆகியவற்றில் ஒன்றோடு வரலாற்று உறவு இருக்க வேண்டும், அல்லது மனித விண்பயணத்துக்குக் குறிப்பிடத்தக்க பங்களிப்பு செய்திருக்க வேண்டும்.

இந்த வரியைக் கவனமாகப் படியுங்கள். “பறப்பை இயக்குதல்” என்றால் ஹூஸ்டன். “ஏவுதல்” என்றால் ஃபுளோரிடா. “கடலிலிருந்து மீட்டல்” என்ற சொற்களுக்குள் இன்ட்ரெபிட் கப்பலும் வந்துவிடுகிறது. 1962-இல் விண்வெளி வீரர் ஸ்காட் கார்ப்பென்டரையும் 1965-இல் ஜெமினி 3 விண்கலத்தின் வீரர்களையும் கடலில் மீட்டது அந்தக் கப்பல்தான். ஏறக்குறைய எல்லோரும் நுழையக்கூடிய அகலமான வாசல் இது. சட்டம் எழுதுபவர்கள் ஒருவரையும் பகைத்துக்கொள்ளாமல் எழுதியதன் சுமையை, தேர்வுக் குழு சுமக்க வேண்டியிருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. அளவுகோல்களை இரண்டு கூடையாகப் பிரியுங்கள். முதல் கூடையில் இருப்பவை விலக்கும் விதிகள்: கூரை, பாதை, பணம். இவற்றில் ஒன்றில் தவறினாலும் விண்ணப்பம் நிற்காது. இரண்டாவது கூடையில் மதிப்பெண் பெறுபவை: வரலாற்று உறவு, பார்வையாளர் எண்ணிக்கை, கல்வித் திட்டம், வெளிநாட்டவர் வருகை. ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பெண் என்பதை விண்ணப்பம் வரும் முன் அச்சிட்டுவிடுங்கள். பிறகு மாற்றினால், மாற்றியவருக்கு யாரோ வேண்டியவர் என்ற பேச்சு எழும். அதை எந்த அறிக்கையாலும் அழிக்க முடியாது.

படி 4: கூரையைப் பாருங்கள்

இதுதான் முழு வழிகாட்டியின் நெஞ்சுப்பகுதி என்பேன்.

ஒரு விண்ணோடம் சுமார் 37 மீட்டர் நீளமும் 24 மீட்டர் இறக்கை அகலமும் கொண்டது. சக்கரத்தில் நிற்கும்போது வாலின் உச்சி 17 மீட்டரைத் தாண்டும். உடல் முழுவதும் ஒட்டியிருக்கும் வெப்பத் தடுப்பு ஓடுகள் 20,000-க்கும் மேல். சிலிக்கா இழைகளால் ஆன அவற்றின் உட்புறம் பெரும்பாலும் காற்று. தண்ணீர் பட்டால் குடிக்கும். அதனால்தான் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஓடுகளுக்குள் நீர் புகாதபடி மருந்து செலுத்தினார்கள். இப்படிப்பட்ட பொருளைத் திறந்தவெளியில் வைப்பது அதைக் கொல்வதற்குச் சமம்.

விண்ணோடத்தைவிட உறுதியான பொருட்களே வெளியில் தாங்கவில்லை. நிலவுக்கு மனிதரை அனுப்பிய சாடர்ன் 5 ராக்கெட்டுகளில் ஒன்று, ஹூஸ்டனில் நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் 1977 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வெட்டவெளியில் படுத்துக் கிடந்தது. மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்றில் உலோகம் அரித்தது, பூஞ்சை படர்ந்தது, பறவைகளும் சிறு விலங்குகளும் குடியேறின. சீரமைத்து, மேலே ஒரு கட்டடம் எழுப்பியது இந்த நூற்றாண்டில்தான். கென்னடி மையத்தின் சாடர்ன் 5-க்கும் 1996-இல்தான் கூரை கிடைத்தது. விண்வெளித் துறையின் சொந்த வீடுகளிலேயே இந்த நிலை என்றால், “எங்களிடம் பெரிய மைதானம் இருக்கிறது” என்று சொல்லும் விண்ணப்பத்தை என்ன செய்வது என்பது உங்களுக்கே தெரியும்.

கூரை இருந்தால் போதுமா? சோவியத் யூனியனின் புரான் விண்ணோடம் 1988 நவம்பர் 15 அன்று ஆளில்லாமல் இரு முறை பூமியைச் சுற்றி, தானாகவே ஓடுபாதையில் இறங்கியது. உலகமே வியந்த சாதனை. பிறகு நாடு உடைந்தது, பணம் நின்றது, கலம் கஜகஸ்தானின் பைக்கனூர் ஏவுதளத்தில் பெரிய கட்டடம் ஒன்றில் மறக்கப்பட்டது. 2002 மே 12 அன்று கூரையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது அது இடிந்து விழுந்தது. எட்டுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். விண்வெளிக்குப் போய்வந்த ஒரே புரான் நொறுங்கிப் போனது. எண்ணும்போதெல்லாம் மனம் கனக்கும் இழப்பு அது. அந்தக் கட்டடம் சாதாரணக் கொட்டகை அல்ல. ராக்கெட்டுகளை ஒன்றுசேர்க்கக் கட்டியது. பராமரிக்க ஆளும் பணமும் இல்லாவிட்டால் எந்தக் கூரையும் அப்படித்தான்.

நியூயார்க்கின் கதை இன்னும் அண்மையானது. என்டர்பிரைஸை இன்ட்ரெபிட்டின் மேல்தளத்தில் வைத்து, காற்றடைத்த துணிக் கூடாரத்தால் மூடினார்கள். 2012 ஜூலை 19 அன்று மக்களுக்குத் திறந்தார்கள். அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் வந்தது. மின்சாரம் போனது, காற்றை ஊதும் இயந்திரங்கள் நின்றன, கூடாரம் கலத்தின் மேல் விழுந்து கிழிந்தது, வால் சிறகு சேதமடைந்தது. அடுத்த ஜூலையில்தான் வலுவான மூடியோடு மறுபடி திறக்க முடிந்தது. ஆற்றில் நிற்கும் கப்பலின் மேல்தளத்தில் துணிக்கூரை போதும் என்று ஏற்றுக்கொண்டது அந்தத் தேர்வின் மிகப் பலவீனமான இடம் என்றே நினைக்கிறேன்.

எனவே விண்ணப்பதாரரிடம் கேளுங்கள். கட்டடம் இன்று நிற்கிறதா, வரைபடத்தில் இருக்கிறதா? வரைபடத்தில் இருந்தால், அது எழும்வரை கலம் எங்கே இருக்கும்? மின்சாரம் ஒரு வாரம் இல்லாவிட்டால் உள்ளே ஈரப்பதம் என்ன ஆகும்? அந்த ஊரின் பேரிடர் எது? லாஸ் ஏஞ்சலிஸ் நிலநடுக்க நகரம். எண்டெவரைச் செங்குத்தாக நிறுத்தத் திட்டமிட்டவர்கள், அதன் அடித்தளத்தையே அதிர்வை உள்வாங்கும் அமைப்பின் மேல் கட்டினார்கள். பதில் அப்படி இருக்க வேண்டும்.

படி 5: பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள்

விண்ணோடங்களை முதுகில் சுமக்க நாசாவிடம் மாற்றியமைத்த இரண்டு போயிங் 747 விமானங்கள் இருந்தன. அவை இறங்கக்கூடிய ஓடுபாதை அருகில் இல்லாத ஊர் போட்டியில் நிலைப்பது கடினம். ஓடுபாதையிலிருந்து அருங்காட்சியக வாசல்வரை இருக்கும் தூரமோ அதைவிடப் பெரிய சிக்கல்.

டிஸ்கவரிக்கு அந்தத் தூரம் ஏறக்குறைய இல்லவே இல்லை. உட்வார்-ஹேஸி மையம் வாஷிங்டனின் டல்லஸ் (Dulles) விமான நிலையத்தை ஒட்டியது. 2012 ஏப்ரல் 17 அன்று வாஷிங்டனைச் சுற்றிப் பறந்து இறங்கி, 19 அன்று உள்ளே நுழைந்துவிட்டது. அட்லாண்டிஸ் அந்த ஆண்டு நவம்பரில் கென்னடி வளாகத்துக்குள்ளேயே சுமார் 16 கிலோமீட்டர் உருண்டது. என்டர்பிரைஸ் விமானத்தில் வந்து, பிறகு மிதவைப் படகில் ஏறியது; வழியில் காற்று தள்ளி, ஒரு ரயில் பாலத்தருகே இறக்கை நுனி உரசியது.

எண்டெவரின் பயணம்தான் பாடப்புத்தகம். 2012 அக்டோபரில், லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்திலிருந்து நகரத்தின் தெருக்கள் வழியாகச் சுமார் 19 கிலோமீட்டர். மூன்று நாட்கள் ஆயின. தேர் வரும் வீதியில் மின்கம்பிகளை இறக்கி, கிளைகளை வெட்டி, திருப்பத்துக்குத் திருப்பம் நின்று சக்கரத்தைத் திருப்புவதை நாம் பார்த்திருக்கிறோம். அதே வேலைதான் அங்கும் நடந்தது. இறக்கை செல்ல வழிவிட ஏறத்தாழ 400 மரங்களை வெட்டினார்கள். அந்த வழியில் பல, நிழல் குறைந்த உழைக்கும் மக்களின் குடியிருப்புகள். அவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தது முழுக்க நியாயம். வெட்டியதைவிடப் பல மடங்கு மரங்களை நடுவதாக அறிவியல் மையம் உறுதியளித்த பிறகே வேலை நகர்ந்தது.

பாதையில் வசிப்பவர்களோடு பேசியதற்கான சான்றை விண்ணப்பத்தோடு கேட்டு வாங்குங்கள். தேர்வு முடிந்த பிறகு பேசினால் அது வெறும் அறிவிப்பு.

படி 6: பணத்தை இரண்டு வரியாகப் பிரியுங்கள்

முதல் வரி, ஒரே முறை ஆகும் செலவு. கலத்தைத் தயார் செய்து கொண்டுபோய்ச் சேர்க்க 4.2 கோடி டாலர் ஆகும் என்று நாசா 2008-இல் சொன்னது. 2010-இல் அதை 2.88 கோடியாகக் குறைத்தது. கட்டடம் அதற்கு மேல். அட்லாண்டிஸ் கூடத்துக்கு ஆன செலவு 10 கோடி டாலர்.

இரண்டாவது வரி, ஆண்டுதோறும் ஆகும் செலவு: குளிரூட்டல், காப்பீடு, பாதுகாவலர், பராமரிப்பு வல்லுநர். இதைப் பெரும்பாலான விண்ணப்பங்கள் மழுப்பும். பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டு, அந்த ஊற்று வற்றினால் அடுத்தது எது என்றும் கேளுங்கள். விண்ணோடத்துக்கு ஆசைப்பட்ட இடங்களில் ஆரிகனின் எவர்கிரீன் அருங்காட்சியகமும் ஒன்று. அதற்குப் பின்னால் நின்ற எவர்கிரீன் விமான நிறுவனம் 2013 இறுதியில் திவாலானது. அருங்காட்சியகம் பிழைத்துக்கொண்டது, மகிழ்ச்சி. ஆனால் அறிவிப்பு நாளில் ஒரு நிறுவனம் செல்வச் செழிப்போடு இருப்பது, மூன்றாம் ஆண்டுக்குக்கூட உத்தரவாதம் தராது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டாம்.

படி 7: எப்படிக் காட்டுவீர்கள் என்று கேளுங்கள்

டிஸ்கவரி சக்கரங்களில் நிற்கிறது. இப்போதுதான் தரையிறங்கியதுபோல், கறைகளோடும் எரிந்த தடங்களோடும். ஆய்வாளருக்கு அதுவே வேண்டும். அட்லாண்டிஸை 43.21 பாகைக்குச் சாய்த்து, சரக்கு அறையின் கதவுகளைத் திறந்து, சுற்றுப்பாதையில் மிதப்பதுபோல் தொங்கவிட்டிருக்கிறார்கள். சாய்வின் எண்ணே, ஏவலுக்கு முந்தைய 4, 3, 2, 1 என்ற எண்ணிக்கையை நினைவூட்டுகிறது. எண்டெவரை, பறக்கத் தகுதியோடு மிஞ்சியிருந்த கடைசி வெளி எரிபொருள் தொட்டியோடும் திண்ம எரிபொருள் ராக்கெட்டுகளோடும் சேர்த்து, ஏவுதளத்தில் நின்றதுபோல் நிமிர்த்தியிருக்கிறார்கள். அந்தத் தொட்டி 2016-இல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து பனாமா கால்வாய் வழியாகக் கடலில் வந்தது. கலத்தை 2024 ஜனவரியில் தூக்கி நிறுத்தினார்கள்.

மூன்றும் மூன்று வெவ்வேறு உண்மைகளைக் காட்டுகின்றன. ஒரே மாதிரிக் கூடங்கள் நான்கு இருந்திருந்தால் நாட்டுக்கு அத்தனை லாபமில்லை. ஆகவே விண்ணப்பங்களைத் தனித்தனியாக மட்டும் பார்க்காமல், பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் பாருங்கள்.

படி 8: கூட்டத்தை எண்ணுங்கள், உழைத்தவர்களையும் எண்ணுங்கள்

போல்டனின் முடிவில் எடை கூடியது பார்வையாளர் எண்ணிக்கைக்கும் வெளிநாட்டவர் வருகைக்கும். அந்தக் கணக்கில் நியூயார்க்கையும் லாஸ் ஏஞ்சலிஸையும் யாரும் வெல்ல முடியாது. பொதுச் சொத்தை அதிகம் பேர் பார்க்க வேண்டும் என்பது மதிக்கத்தக்க வாதம்தான்.

ஆனால் ஹூஸ்டனை நினைத்தால் எனக்கு நெருடுகிறது. ஒவ்வொரு விண்ணோடப் பயணத்தையும் நொடிக்கு நொடி கவனித்து வழிநடத்திய கட்டுப்பாட்டு அறை அங்கே. வீரர்கள் வாழ்ந்ததும் பயிற்சி பெற்றதும் அங்கே. சேலஞ்சரிலும் கொலம்பியாவிலும் இறந்தவர்களின் குடும்பங்கள் அந்த ஊரின் அண்டை வீட்டார். போல்டனே ஹூஸ்டனில் நீண்டகாலம் வாழ்ந்த விண்வெளி வீரர். பெருநகரங்களுக்கு உலகம் எப்படியும் வரும். உழைத்த ஊருக்கு, தான் உழைத்த பொருளைக் காணும் உரிமை உண்டு என்று மதிப்பெண் பட்டியலில் ஒரு வரி இருந்திருக்க வேண்டும். வரலாற்று உறவுக்குப் பார்வையாளர் எண்ணிக்கைக்குச் சமமான எடையாவது கொடுங்கள். என்டர்பிரைஸ் நியூயார்க்குக்குப் பதில் ஹூஸ்டனுக்குப் போயிருக்கலாம் என்பதே என் எண்ணம். அங்கும் புயல் உண்டு, ஆனால் தரையில் கட்டடம் கட்டலாம்.

படி 9: கூட்டலை வேறொருவரிடம் சரிபாருங்கள்

சிறிய படி, தவறினால் பெரிய அவமானம். 2011 ஆகஸ்டில் நாசாவின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் இந்தத் தேர்வை ஆராய்ந்தது. சட்டப்படியே நடந்தது, அரசியல் தலையீட்டுக்குச் சான்றில்லை என்றது. அதோடு, மதிப்பெண் போட்டதில் பிழைகள் இருந்தன என்றும் சொன்னது. ஒரு பிழை இல்லாதிருந்தால், டேட்டனில் உள்ள அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகம் கென்னடி வளாகத்தோடும் இன்ட்ரெபிட்டோடும் சமநிலையில் இருந்திருக்கும். தெரிந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்றார் போல்டன். ஓஹாயோ மக்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வழியில்லை.

இறுதிப் பட்டியலை, குழுவில் இல்லாத இருவர் தனித்தனியாக மறுபடி கூட்டிப் பார்க்கட்டும். விண்ணப்பதாரர் ஒவ்வொருவருக்கும் அவரவர் மதிப்பெண்ணை அனுப்பி, அறிவிப்புக்கு முன் ஆட்சேபம் சொல்லச் சில வாரங்கள் கொடுங்கள்.

படி 10: கிடைக்காதவர்களுக்கு உண்மையான ஒன்றைக் கொடுங்கள்

இதை நாசா நன்றாகவே செய்தது. சியாட்டிலின் விமான அருங்காட்சியகம், விண்ணோடத்தை நம்பி முன்கூட்டியே ஒரு கூடம் கட்டத் தொடங்கியிருந்தது. அதற்கு, வீரர்கள் அனைவரும் பயின்ற முழு உடல் பயிற்சி மாதிரி கிடைத்தது. இறக்கை இல்லை, பெரும்பாலும் ஒட்டுப்பலகைதான். ஆனால் உண்மையான விண்ணோடங்களுக்குள் பார்வையாளர் நுழைய முடியாது, இதற்குள் நுழையலாம். சரக்கு அறையில் நின்று அண்ணாந்து பார்க்கும் ஒரு குழந்தைக்கு, கயிற்றுக்கு அப்பால் நிற்கும் உண்மைக் கலத்தைவிட அது அதிகம் சொல்லும். டேட்டனுக்கு வீரர் அறையின் பயிற்சி மாதிரி போனது. ஹூஸ்டன், முழு அளவு மாதிரிக் கலம் ஒன்றை, அதைச் சுமந்த 747 விமானங்களில் ஒன்றின் மேலேயே ஏற்றி வைத்தது. 2016 முதல் மக்கள் இரண்டுக்குள்ளும் போய்வருகிறார்கள். பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் அனுப்புச் செலவை மட்டும் கட்டி வெப்பத் தடுப்பு ஓடுகளைப் பெற்றுக்கொண்டன.

பிரிக்கத் தகுந்த பொருட்களின் பட்டியலைப் பெரிய அறிவிப்பு நாளிலேயே வெளியிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கொடுத்தால் சமாதானப் பரிசுபோல் ஆகிவிடும்.

படி 11: காட்சிக்கு வைக்கக் கூடாதவற்றைத் தனியே எடுத்து வையுங்கள்

கொலம்பியாவின் மீட்கப்பட்ட துண்டுகள் கென்னடி மையத்தின் பெரிய கட்டடத்தில் பாதுகாக்கப்பட்டு, ஆய்வாளர்களுக்குக் கடனாகத் தரப்படுகின்றன. அவற்றை ஊர் ஊராகப் பங்கிட யாரும் முனையவில்லை. 2015-இல், குடும்பங்களின் இசைவோடு, சேலஞ்சரின் பக்கவாட்டுப் பலகை ஒன்றும் கொலம்பியாவின் சன்னல் சட்டங்களும் மட்டும் அட்லாண்டிஸ் கூடத்தில் நினைவிடமாக வைக்கப்பட்டன. உயிர் பறித்த விபத்தின் எச்சத்துக்கு விண்ணப்பம் வாங்காதீர்கள். முதலில் குடும்பங்களிடம் போங்கள்.

படி 12: பத்திரத்தை எழுதுங்கள்

கொடையா, கடனா? அப்போலோ கூண்டுகளை ஸ்மித்சோனியன் தன் உரிமையில் வைத்துக்கொண்டு கடனாகக் கொடுத்தது. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் அப்போலோ 10 அப்படிப்பட்டது. அப்போலோ 11-இன் கூண்டு 2017 முதல் 2019 வரை அமெரிக்க நகரங்களைச் சுற்றிவந்ததும் இந்த ஏற்பாட்டால்தான். ஏறக்குறைய நான்கு மீட்டர் அகலமுள்ள கூண்டுக்கு அது முடியும்.

விண்ணோடத்துக்கு முடியாது. 2025 ஜூலையில் கையொப்பமான சட்டம், ஒரு விண்கலத்தை இடம்மாற்றவும் அதற்குக் கட்டடம் எழுப்பவும் 8.5 கோடி டாலர் ஒதுக்கியது. சட்டத்தில் டிஸ்கவரியின் பெயர் இல்லை. ஸ்மித்சோனியனோ, 2012-இல் நாசா தன் உரிமை முழுவதையும் தங்களுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது என்கிறது. கலத்தைப் பெருமளவு பிரிக்காமல் நகர்த்த முடியாது, கட்டடத்தைச் சேர்க்காமலேயே 12 முதல் 15 கோடி டாலர் ஆகலாம் என்றும் சொன்னது. சுமந்து செல்ல விமானமும் இல்லை. ஒன்று ஹூஸ்டனில் மாதிரிக் கலத்தைத் தாங்கி நிற்கிறது. மற்றொன்று பாம்டேலில் காட்சிப் பொருள். ஹூஸ்டனின் மனக்குறை நியாயமானது என்று மேலே சொன்ன நானே சொல்கிறேன்: டிஸ்கவரியின் ஓடுகளைக் கழற்றி, இறக்கையை அறுத்து அந்தக் குறையைத் தீர்க்கக் கூடாது. விண்வெளிக்குப் போய்வந்த மூன்று கலங்களுள், பறந்த நிலை மாறாமல் மிக அதிகமாகக் காக்கப்பட்டிருப்பது அது.

ஆகவே உங்கள் பத்திரத்தில் இவை இருக்கட்டும். உரிமை யாருக்கு என்பது ஐயமற ஒரே வரியில். அருங்காட்சியகம் மூடப்பட்டால் கலம் யாரிடம் திரும்பும் என்பது அடுத்த வரியில். கலத்தின் நிலை பற்றிய அறிக்கையை, புகைப்படங்களோடு, ஆண்டுக்கு ஒருமுறை பொதுமக்களுக்கு வெளியிடும் கடமை. எந்தப் பாகத்தையும் கழற்றினால் அது எங்கே போனது என்று பதியும் ஏடு. பிற்காலத்தில் எவராவது இடமாற்றம் கோரினால், கலத்தை அறுக்காமல் கொண்டுபோகும் வழியையும் அதற்கான முழுச் செலவையும், அந்த வேலையில் லாபம் இல்லாத பொறியாளர்களின் கையொப்பத்தோடு, கோருபவரே முதலில் தர வேண்டும் என்ற நிபந்தனை.